சிவப்புப் புள்ளிக்கு முந்தைய வாரம்

பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் புழு மனைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலண்டர் கட்டாயம் தொங்கும். எங்கள் வீட்டில் இருப்பது உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் பெரிய தாள் காலண்டர். இளம்புழு வந்து இறங்கிய தேதி, மூன்றாம் ஜுரம், நான்காம் ஜுரம், சுண்ணாம்பு தூவிய நாள், புழு பழுத்துக் கூடு கட்டுவதற்காக நெட்ரிகையில் விட்ட நாள், கூடு பிரித்த நாள், தருமபுரி அங்காடியில் கிலோ என்ன விலைக்குப் போனது என்று எல்லாம் அதில் நீல மையில் இருக்கும். புழு தோலுரிப்பதைத்தான் எங்கள் வீட்டில் ஜுரம் என்போம். இவற்றோடு மாதத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்கும். அது என் மாதவிலக்கு தொடங்கிய நாள்.

அந்தப் புள்ளியை வைக்கச் சொன்னது டாக்டர் இல்லை, என் அத்தை. வீட்டுக்குத் தூரமான பெண் மூன்று நாள் புழு மனைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அப்போது எங்கள் வீட்டில் சட்டம். நான் உள்ளே போக முடியாத நாட்களில் இலை போட யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்காக வைத்த புள்ளி. அந்தச் சட்டத்தில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை, இப்போது எங்கள் வீட்டில் அது கிடையாது. ஆனால் அந்தப் புள்ளிகள் மட்டும் இல்லாமல் போயிருந்தால், எனக்கு என்ன நடக்கிறது என்பதை இன்றுவரை கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் மல்பெரி. அதை இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி வெட்டுவதால் வருடத்துக்கு எட்டு மகசூல் எடுக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னால் தருமபுரியில் பி.எஸ்சி. விலங்கியல் படித்தேன். படிப்பு எதற்கும் உதவவில்லை என்று பல வருடம் வருத்தப்பட்டிருக்கிறேன். பிறகு அது உதவிய விதத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேலையைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் ஜுரம் தாண்டிய இளம்புழுக்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து கூடு பிரிக்கும் வரை மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். முதல் பத்து நாள் சமாளிக்கலாம். நான்காம் ஜுரம் முடிந்து ஐந்தாம் பருவத்துக்குள் நுழைந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஒரு புழு தன் ஆயுளில் தின்னும் மொத்த இலையில் 80 சதவீதத்துக்கும் மேல் அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். விடியற்காலை தோட்டத்தில் தண்டு வெட்டிக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து போட வேண்டும், பிறகு மதியம், பிறகு இரவு பத்து பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் மனைக்குள் போய் நின்றால் தகரக் கூரையில் தூறல் விழுவது போல ஒரு சத்தம் கேட்கும். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இலை தின்னும் சத்தம் அது. எனக்கு ரொம்பப் பிடித்த சத்தம்.

சில மாதங்களில் அதே சத்தம் என் மண்டைக்குள் துளை போட்டது.

சின்னவன் பிறந்து, பால்குடி மறந்து, மாதவிலக்கு திரும்பி வந்த பிறகு தொடங்கியது. அப்போது எனக்கு 31 வயது. மாதத்தில் ஒரு வாரம், பத்து நாள், நான் வேறு ஆளாகிவிடுவேன். காரணமே இல்லாமல் தொண்டை அடைக்கும். ஒரு பாத்திரம் கீழே விழுந்தால் நெஞ்சு படபடக்கும். யார் என்ன பேசினாலும் என்னைக் குத்திப் பேசுவது போலவே இருக்கும். கணக்கு நோட்டில் ஒரு கூட்டல் போட நான்கு தடவை முயன்றும் வராமல் அழுதிருக்கிறேன். கல்லூரியில் கணக்கில் கெட்டிக்காரி நான். பிறகு விலக்கு வரும். வந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள், மேகம் கலைந்த மாதிரி எல்லாம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது, நான் பேசிய பேச்சும் அதற்கான வெட்கமும்தான்.

ஒரு மே மாத இரவைச் சொல்கிறேன். ஐந்தாம் பருவத்தில் ஆறாம் நாள். வெயில் தாங்காமல் கூரைமேல் ஈரச் சாக்கு போட்டிருந்தோம், கரண்ட் வேறு இல்லை. என் வீட்டுக்காரர் அங்காடி விலை விசாரிக்கப் போனவர் திரும்பவில்லை. அப்போது ஆறு வயதான சின்னவன் விளையாட்டாகக் குடத்துத் தண்ணீரை இலைக் கட்டின்மேல் கவிழ்த்துவிட்டான். ஈர இலை போட்டால் புழுவுக்கு நோய் வரும். அடித்துவிட்டேன். செல்லமாகத் தட்டுகிற அடி இல்லை. அவன் கன்னத்தில் என் நான்கு விரலும் பதிந்திருந்தன. அவன் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெளியே போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன். நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. ஏதோ கோபத்தில் வந்த நினைப்பு இல்லை அது, கணக்குப் போட்டுப் பார்த்த உண்மை போல அமைதியாகத் தோன்றியது. அந்த அமைதியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை லாந்தரோடு வந்து, "எந்திரி கண்ணு, புழு பசியில கெடக்குது" என்றார். எழுந்து போய் இலை போட்டேன். இரண்டு நாள் கழித்து விலக்கு வந்தது.

இப்படி ஒரு நினைப்பு வருகிறவர்கள் அது கலையும் வரை தனியாகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை. அந்த இரவில் அது இல்லை. இருந்திருந்தால் பேசியிருப்பேன்.

அதற்கு முன்பும் பின்பும் நான் அலைந்த அலைச்சல் பலருக்கும் தெரிந்ததுதான். மந்திரித்துக் கையில் கயிறு கட்டினார்கள். ஒரு கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்து, "டென்ஷன் ஆகாதீங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எங்களுக்கு அது சின்னப் பணம் இல்லை. முடிவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றார்கள். அந்த வார்த்தைதான் என்னை அதிகம் உடைத்தது. உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் என் குணம்தான் கெட்டது என்று அர்த்தமாகிவிடுகிறது அல்லவா? ஒரு வருடம் அந்த எண்ணத்தோடுதான் வாழ்ந்தேன்.

அடுத்த ஜனவரியில் புதுக் காலண்டர் வந்தது. பழையதைக் கழற்றிப் பெரியவளின் நோட்டுக்கு அட்டை போடலாம் என்று தரையில் விரித்தேன். கூலிக் கணக்கு நோட்டும் பக்கத்தில் இருந்தது. நான் சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன நாட்களில் என் வேலைக்குக் கூலி ஆள் வைத்திருப்பார்கள். அந்தச் செலவெல்லாம் தேதியோடு நோட்டில் இருந்தது. கயிறு கட்டிய நாள், கிளினிக் போன நாள், அந்த மே மாத இரவு எல்லாவற்றையும் பென்சிலால் காலண்டரில் வட்டமிட்டேன். ஒரு வட்டம்கூடச் சிவப்புப் புள்ளிக்குப் பிந்தைய வாரத்தில் விழவில்லை. எல்லாமே புள்ளிக்கு முந்தைய எட்டு ஒன்பது நாட்களுக்குள் இருந்தன.

எனக்குப் படபடப்பு வந்தது. ஆனால் ஒன்று இடித்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு புள்ளி இருக்கிறது, வட்டங்கள் அத்தனை மாதத்திலும் இல்லையே? மறுபடியும் நீல மையோடு சேர்த்துப் பார்த்தேன். அந்த வருடத்தின் எட்டு மகசூலில் நான்கில், ஐந்தாம் பருவம் சிவப்புப் புள்ளிக்கு முந்தைய வாரத்தில் வந்து விழுந்திருந்தது. பெரிய வட்டங்கள் எல்லாம் அந்த நான்கில்தான். மனையைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூடி வைத்திருந்த ஓய்வு நாட்களில் அந்த வாரம் வந்த மாதங்களில் லேசான எரிச்சல் இருந்திருக்கலாம், வட்டம் போடும்படி எதுவும் நடக்கவில்லை. என் உடம்புக்கு 29 நாள் கணக்கு, புழுவுக்கு ஏறக்குறைய 45 நாள் கணக்கு. இரண்டு சக்கரமும் தன்பாட்டுக்குச் சுற்றி எப்போதாவது ஓரிடத்தில் உரசிக்கொள்கின்றன. உரசிய இடத்தில்தான் தீப்பிடித்திருக்கிறது.

மாதவிலக்கு மட்டும் காரணமாக இருந்தால் எல்லா மாதமும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். வேலை நெருக்கடி மட்டும் காரணமாக இருந்தால் எட்டு மகசூலிலும் நடந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. இரண்டும் சேரும்போதுதான்.

அன்று இரவிலிருந்து, படுக்கப் போகும் முன் காலண்டர் கட்டத்தின் மூலையில் பென்சிலால் ஓர் எண் எழுத ஆரம்பித்தேன். நன்றாக இருந்தால் 0, தாங்கவே முடியாவிட்டால் 5. பக்கத்தில் ஓரிரு வார்த்தை: தூக்கம் இல்லை, அழுகை, சத்தம் தாங்கவில்லை. இரண்டு மாதம் விடாமல் எழுதிவிட்டு, காலண்டரைச் சுருட்டிக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். மனநலம் என்ற பலகையைப் பார்த்து என் வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார்.

அங்கிருந்த டாக்டரம்மா காலண்டரை மேசைமேல் விரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "விலக்கு வந்த பிறகு எத்தனை நாள்ல சரியாகும்? சரியானா, முழுசா சரியாயிடுமா?"

மூன்றாம் நாளிலிருந்து 0, 0, 1, 0 என்று போட்டிருந்ததைக் காட்டினேன். அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்கினார். மாதம் முழுக்க மனச்சோர்வு இருந்து விலக்குக்கு முன்னால் அது கூடினால் அதற்கு வைத்தியம் வேறு. விலக்குக்குப் பிறகு ஒரு வாரமாவது முழுத் தெளிவு இருந்து, முந்தைய வாரத்தில் மட்டும் வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு வந்தால் அதற்குத் தனிப் பெயர் உண்டு. மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு, சுருக்கமாகப் பி.எம்.டி.டி. அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேட்டில் 2013-ஆம் ஆண்டுதான் அது முழு நோயாக இடம்பெற்றது. ஞாபகத்தை நம்பி இதை முடிவு செய்ய முடியாது, இரண்டு மாதமாவது அன்றன்று எழுதியது வேண்டும் என்றார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டு வந்திருக்கீங்கம்மா" என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குணம் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவளிடம் முதல்முறையாக ஒருவர் அப்படிப் பேசினார்.

ரத்தச் சோகையும் தைராய்டும் பார்த்தார்கள். ரத்தம் குறைவாக இருந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. ஹார்மோன் ஏன் நார்மல் என்று வந்தது என்று கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகிறது. வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரோன் ஏறுகிறது. கரு தங்காவிட்டால், விலக்குக்கு முந்தைய சில நாட்களில் இரண்டுமே இறங்குகின்றன. இந்த ஏற்ற இறக்கம் கர்ப்பப்பையோடு நிற்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் மூளையில் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனின் உற்பத்திக்குக் கை கொடுக்கிறது, அது சீக்கிரம் சிதையாமலும் பார்த்துக்கொள்கிறது. புரொஜெஸ்டிரோன் உடைந்து அல்லோப்ரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. பரபரக்கும் நரம்புகளை அடக்கி அமைதிப்படுத்துவது அதன் வேலை. தூக்க மாத்திரைகள் பலவும் அந்தக் காபா வழியில்தான் வேலை செய்கின்றன. அல்லோப்ரெக்னனோலோனும் அங்கேதான் போய் ஒட்டி, அடக்குகிற கைக்கு வலுவைக் கூட்டுகிறது. பெரும்பாலான பெண்களின் மூளை இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. சிலருக்கு அந்தச் சரிசெய்தல் ஒழுங்காக நடப்பதில்லை. அமைதி தர வேண்டிய பொருளே அவர்களுக்குப் படபடப்பையும் எரிச்சலையும் தந்துவிடுகிறது.

1998-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஷ்மிட், ருபினோ ஆகியோரின் குழு செய்த ஓர் ஆய்வு இதை எனக்கு முழுதாகப் புரியவைத்தது. இந்தத் தொல்லை உள்ள பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பலருக்குத் தொல்லை அடங்கியது. பிறகு இயல்பான அளவிலேயே ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தார்கள், தொல்லை திரும்பியது. இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கும் அதையே செய்து பார்த்தார்கள், அவர்களுக்கு மனநிலையில் எதுவும் ஆகவில்லை. ஹார்மோன் அளவு இருவருக்கும் ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்ளும் மூளைதான் வேறு. என் ரத்தத்தில் எதுவும் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஐயாயிரம் பேர் இருக்கிற திருவிழாவில் சத்தத்தை அளந்துவிட்டு "அளவு சரியாத்தான் இருக்கு" என்றால், காது வலிக்கிறவளுக்கு அதனால் என்ன பயன்?

படிக்கும்போது ஒரு பெயர் என்னை நிமிர வைத்தது. அடால்ஃப் பூட்டெனன்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளர். பெண் ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோனை 1929-இல் தூய வடிவில் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர், 1934-இல் புரொஜெஸ்டிரோனையும் பிரித்தார், 1939-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றவர். அதே மனிதர்தான் கார்ல்சன் என்பவரோடு சேர்ந்து 1954-இல் பட்டுப்புழுவைத் தோலுரிக்க வைக்கும் எக்டைசோன் என்ற ஹார்மோனையும் பிரித்தெடுத்தார். 500 கிலோ பட்டுப்பூச்சிக் கூட்டுப்புழுவிலிருந்து கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம். 500 கிலோ என்றால் எங்கள் பல மகசூலின் கூட்டுப்புழு. கடுகளவு பொருள் ஒரு புழுவைச் சாப்பாட்டை நிறுத்தி, தலையைத் தூக்கி, அசையாமல் நின்று, தோலை உரிக்க வைக்கிறது. ஜுரத்தில் இருக்கும் புழுவை நாங்கள் தொட மாட்டோம், இலை போட மாட்டோம், சத்தம் போடாமல் நடப்போம். "ஜுரத்துல இருக்குது, தொந்தரவு பண்ணாதீங்க" என்று பிள்ளைகளை விரட்டுவோம். ஒரு புழுவுக்குக் கொடுத்த அந்த மரியாதையை என் உடம்புக்கு நான் கொடுத்ததே இல்லை.

எக்டைசோன், ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் எல்லாமே ஸ்டீராய்டு குடும்பம். நெருக்கடி நேரத்தில் சுரக்கும் கார்டிசோலும் அதே குடும்பம்தான். நெருக்கடி வந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், அது கார்டிசோலை விடும். சினைப்பைக்கு உத்தரவு போவதும் அதே ஹைப்போதலாமஸ், அதே பிட்யூட்டரி வழியாகத்தான். அதனால் இங்கே தட்டினால் அங்கே அதிரும்.

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் நாத்தனார் ஒருவர் மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குச் சீசன் வேலைக்குப் போகிறார். மே முதல் ஜூலை வரை ஷிப்டு மாறி மாறி வரும், தூக்கம் கெடும். மூன்று வருடமாக ஒவ்வொரு சீசனிலும் அவருக்கு விலக்கு தள்ளிப்போனது. ஒருமுறை கர்ப்பம் என்றே நினைத்துவிட்டார். கடும் நெருக்கடியும் தூக்கக் கேடும் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவைத் தடுத்து, கருமுட்டை வெளிவருவதையே நிறுத்தவோ தாமதப்படுத்தவோ முடியும். அவருக்கு நெருக்கடி சினைப்பையைத் தொட்டது. எனக்குச் சினைப்பையின் ஏற்ற இறக்கம் நெருக்கடியைத் தாங்கும் சக்தியைத் தொட்டது. பாதை ஒன்றுதான், வண்டி இரண்டு பக்கமும் ஓடுகிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2004-இல் வந்தது. லேசான நெருக்கடியை ஆண் எலிகள் சமாளித்துவிட்டன. ஈஸ்ட்ரோஜன் கூடுதலாக இருந்த நேரத்தில் பெண் எலிகளுக்கு அதே லேசான நெருக்கடியில் ஞாபக வேலை தடுமாறியது, ஈஸ்ட்ரோஜன் குறைந்த நேரத்தில் தடுமாறவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி செய்கிற வேலை அது. அது ஈஸ்ட்ரோஜன் உச்சத்தைப் பற்றிய ஆய்வு, என் தொல்லை அது இறங்கும் நாட்களில் வருவது. அதனால் என் கதைக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் ஒன்றை அது தெளிவாகக் காட்டுகிறது: ஒரே அளவு நெருக்கடி, ஒரே மூளை, ஹார்மோன் நாளைப் பொறுத்து விளைவு மாறுகிறது. வராத கூட்டலுக்காக நான் அழுத நாட்களை நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மூளையில் செரட்டோனினை நீடிக்கச் செய்யும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்குக் கொடுத்தால் அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், இந்தத் தொல்லைக்குச் சில நாளிலேயே பிடித்துக்கொள்ளும், அதனால் மாதத்தின் பின்பாதியில் மட்டும் சாப்பிட்டாலும் போதும் என்றார். எனக்கு அப்படித்தான் கொடுத்தார். ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள். எனக்குப் பின்பாதி மட்டும் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு மாதம் முழுக்கத் தேவைப்படலாம், மூன்றாமவருக்கு அந்த மாத்திரையே ஆகாமல் போகலாம்.

மாத்திரை பாதி, மீதி நாங்களே வீட்டில் செய்தது. எனக்கு அதிகம் உதவிய காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வாரத்தில் மனதில் பொங்குவதை எல்லாம் கத்துவதற்குப் பதில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். விலக்கு வந்த ஐந்தாம் நாள், தலை தெளிவாக இருக்கும்போது எடுத்துப் படிப்பேன். சிலவற்றைப் படித்தால் யாரோ எழுதியது போல இருக்கும். "அத்தை வேண்டுமென்றே குழம்பில் உப்பு கூட்டினார்" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆனால் சில வரிகள் ஐந்தாம் நாளிலும் அப்படியே நின்றன. "ஒன்பது வருடமாக ராத்திரி இலையை நான் ஒருத்தி மட்டும்தான் போடுகிறேன்" என்ற வரி ஒவ்வொரு மாதமும் இருந்தது. அது பொய் இல்லை, ஹார்மோன் கிளப்பிவிட்ட கற்பனையும் இல்லை. மூன்று வாரம் நான் பல்லைக் கடித்து மூடி வைத்திருந்த மூடியை நான்காம் வாரம் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"பீரியட்ஸ் டயமா?" என்று கேட்டு ஒரு பெண்ணின் வாயை அடைப்பவர்கள் மேல் எனக்கு அதனால்தான் கோபம். ஹார்மோன் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதற்காகக் குறையே இல்லை என்று ஆகிவிடாது.

அந்த வரியை ஐந்தாம் நாள் காலையில், டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரரிடம் நிதானமாகப் படித்துக் காட்டினேன். "எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கோங்க" என்று முன்பு பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் ஒரு பயனும் இருந்ததில்லை. இந்த முறை, "பென்சில் எண் 3-ஐத் தாண்டுன நாள்ல இருந்து விலக்கு வர்ற வரைக்கும் ராத்திரி இலை உங்களுது. நான் ஒன்பது மணிக்குப் படுத்துடுவேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தன வருஷம் நீ ஏன் சொல்லல?" என்றார். ஒவ்வொரு மாதமும் சொன்னேன், கத்திச் சொன்னதால் அவர் காதில் விழவில்லை. அன்றிலிருந்து போடுகிறார். அந்த ஒரு தூக்கம் எனக்கு எண்ணை 5-லிருந்து 3-க்கு இறக்கியது, மாத்திரை மீதியைப் பார்த்துக்கொண்டது.

வேறு சிலவும் பழகிக்கொண்டோம். அந்த வாரத்தில் கடன், நிலம், சம்பந்தம் எதையும் பேசி முடிப்பதில்லை, ஐந்தாம் நாளுக்குத் தள்ளிவைப்போம். சங்கக் கூட்டத்தில்கூட, "அடுத்த வாரம் சொல்றேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறேன். காலையில் வெறும் டீயோடு தோட்டத்துக்குப் போகும் பழக்கத்தை விட்டு, களியோ கூழோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். பசியும் உடம்புக்கு ஒரு நெருக்கடிதான். சின்னவனிடம், அவனுக்குப் புரியும் வயதில், அந்த இரவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றான். அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அத்தையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் திண்ணையில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது காலண்டரைக் காட்டி மெதுவாகச் சொன்னேன். அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "எனக்கும் அப்பிடித்தாம்மா இருந்துச்சு. தூரமான மூணு நாளைக்கு ஒதுங்கி உக்கார எடம் குடுத்தாங்க. அதுக்கு முந்துன வாரத்துக்குத்தான் யாரும் எடம் குடுக்கல." அந்த மாதத்திலிருந்து மூன்று நாள் சட்டத்தை அவரே விட்டுவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "உள்ள போயி இலையப் போடு" என்றார், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு 43. விலக்கு சில மாதம் 24 நாளில் வருகிறது, சில மாதம் 40 ஆகிறது. நிற்கப் போகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை, மேலும் கீழுமாகத் தாவுகிறது, அந்தத் தாவலில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். புள்ளியை வைத்துக் கணிக்க முடியாததால் பென்சில் எண்ணை வைத்துத்தான் இப்போது பார்க்கிறேன். தொடர்ந்து நான்கு நாள் 3 வந்தால் தருமபுரிக்குப் பஸ் ஏறிவிடுவேன். என் வீட்டுக்காரர் இப்போது வேப்பமரத்தடியில் நிற்பதில்லை, உள்ளே வந்து உட்காருகிறார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு மருமகளுக்குப் பிரசவமாகி இரண்டாம் வாரம் காரணமில்லாத அழுகை வந்தபோது, திருஷ்டி என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களைத் தள்ளிவிட்டு நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கர்ப்பத்தில் பல மடங்கு ஏறியிருந்த புரொஜெஸ்டிரோன், நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாளில் தடதடவென்று இறங்கிவிடுகிறது. கைக்குழந்தை, தூக்கமில்லா இரவு, புகுந்த வீட்டுப் பேச்சு எல்லாம் அதே நேரத்தில்தான் வந்து விழுகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரெக்சனோலோன் என்ற மருந்து வேறொன்றுமில்லை, அந்த அல்லோப்ரெக்னனோலோனேதான். அந்த மருந்து அவளுக்குத் தேவைப்படவில்லை. பேச்சும் தூக்கமும் வேறு மாத்திரையும் போதுமாக இருந்தன.

போன வாரம் அடுத்த மகசூலுக்கு இளம்புழு மையத்திலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். 14-ஆம் தேதி புழு இறக்கலாமா என்று கேட்டார். காலண்டரைப் பார்த்தேன். இந்த மாதம் உடம்பு ஓரளவு ஒழுங்காகத்தான் ஓடுகிறது. 14-இல் இறக்கினால் ஐந்தாம் பருவம் நேராக அந்த வாரத்தில் போய் நிற்கும்.

"18-க்குத் தள்ளிக்கலாமா தம்பி?"

"ஏங்க்கா, எல பத்தலையா?"

முன்பானால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன்.

"எல நெறைய இருக்குது. 14-னா கடைசி வாரம் எனக்கு விலக்குக்கு முந்துன வாரத்துல வந்து விழும். அப்ப என்னால தூக்கம் முழிக்க முடியாது, டாக்டர் சொல்லியிருக்காங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. தாள் புரட்டும் ஓசை கேட்டது.

"சரிக்கா. 18 போட்டுக்கறேன். காலையில ஆறு மணிக்குள்ள வந்துடும்."